வெளிவராத பாட்டுகள்! கிதார் மன்னன் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கதை

1970-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி. லண்டன் நகரம்.

ஓர் ஓட்டல் அறையில் இருந்து ஒரு வாலிபரை ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். டாக்டர்கள் பார்த்தார்கள். பயன் இல்லை. உயிர் போய்விட்டது.

அந்த வாலிபருக்கு வயது 27.

அவர் யார்? உலகம் முழுவதும் லட்சக்கணக்கான ரசிகர்களைக் கவர்ந்த கிதார் வித்வான். பெயர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்.

உயிரோடு இருந்தபோது ஜிமி தன் குழுவோடு ஸ்டூடியோவில் பதிவு செய்து வெளியிட்ட பெரிய இசைத்தட்டுகள் மூன்றே மூன்று. கச்சேரித் தட்டு ஒன்று. ஆனால் அவர் இறந்த பிறகோ, தட்டுக்கு மேல் தட்டாக வந்துகொண்டே இருந்தது! 1971-ல் வந்தது. 1975-ல் வந்தது. 1997-ல் வந்தது. 2018-ம் ஆண்டில் கூட வந்தது.

இறந்தவர் எப்படிப் பாடினார்?

அவர் விட்டுச் சென்றது ஒலிப்பதிவு நாடாக்கள். பெட்டி பெட்டியாக நாடாக்கள். முடித்த பாட்டுகள், பாதியில் நின்ற பாட்டுகள், ஒரே பாட்டைப் பல முறை வாசித்துப் பார்த்த பதிவுகள் எல்லாம் அவற்றில் இருந்தன.

அந்த நாடாக்கள் யாருக்குச் சொந்தம்? 25 ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. விடை தேடிக் கோர்ட்டுக்குப் போனவர், தோட்ட வேலை செய்து பிழைத்த ஒரு கிழவர். ஜிமியின் தந்தை!

துடைப்பமே கிதார்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள துறைமுக நகரம் சியாட்டில். அங்கே 1942-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி ஜிமி பிறந்தான். கறுப்பர் இனத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பம்.

தாய் லூசில். அப்போது அவளுக்கு வயது 17. தந்தை அல் ஹென்ட்ரிக்ஸ் பட்டாளத்தில் இருந்தார். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மகன் பிறந்த செய்தி கிடைத்தும், ஊருக்குப் போக அவருக்கு லீவு கொடுக்கவில்லை. சொல்லாமல் ஓடிவிடுவாரோ என்று காவலில் வேறு வைத்துவிட்டார்கள்.

யுத்தம் முடிந்து தந்தை திரும்பியபோது பிள்ளைக்கு வயது மூன்று ஆகப்போகிறது. பிள்ளை வேறொரு குடும்பத்தின் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். தந்தை போய் அழைத்து வந்தார். தாய் வைத்த பெயரை மாற்றி, ஜேம்ஸ் மார்ஷல் ஹென்ட்ரிக்ஸ் என்று புதிய பெயர் வைத்தார்.

வீட்டில் நிம்மதி இல்லை. கணவனும் மனைவியும் குடித்தார்கள். சண்டை போட்டார்கள். 1951-ல் விவாகரத்து ஆயிற்று. ஜிமிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளில் சிலரை வளர்க்க வழியின்றி வேறு குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். ஜிமியும் தம்பி லியோனும் தந்தையிடம் இருந்தார்கள். தந்தைக்கு நிரந்தர வேலை இல்லை. பிறகு தோட்ட வேலைக்குப் போனார். புல் வெட்டுவார். குப்பை அள்ளுவார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஜிமி ஒரு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போவான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, கிதார் வாசிப்பதுபோல் விரல்களை ஆட்டுவான். ஒருநாள் இருநாள் அல்ல, மாதக்கணக்காக! இதைக் கவனித்த பள்ளிக்கூடத்துப் பெண் அதிகாரி ஒருவர், அந்தப் பையனுக்கு ஒரு கிதார் வாங்கிக் கொடுக்கப் பணம் கேட்டு எழுதினார். பணம் கிடைக்கவில்லை.

1957-ம் ஆண்டில் ஒரு வீட்டைச் சுத்தம் செய்யும் வேலைக்குத் தந்தையோடு ஜிமியும் போனான். குப்பையில் ஒரு சின்ன வாத்தியம் கிடந்தது. யூகலேலி என்று அதற்குப் பெயர். கிதாருக்குத் தங்கை என்று சொல்லலாம். நான்கு தந்தி இருக்கவேண்டியதில் ஒரே ஒரு தந்திதான் இருந்தது. ஜிமி அதை வீட்டுக்கு எடுத்து வந்தான். ஒற்றைத் தந்தியிலேயே பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு வாசித்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில் பிரபல பாடகர் எல்விஸ் பிரெஸ்லி சியாட்டிலுக்கு வந்தார். ஊர் விளையாட்டு மைதானத்தில் கச்சேரி. 14 வயது ஜிமி அதைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து, கையில் கிதாரோடு எல்விஸ் நிற்பதுபோல் ஒரு படம் வரைந்தான்.

1958-ம் ஆண்டு பிப்ரவரியில் தாய் இறந்தாள். அடக்கத்துக்குப் பிள்ளைகளைத் தந்தை அழைத்துப் போகவில்லை. கடைசியாக ஒருமுறை தாயின் முகத்தைப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் ஜிமியின் மனத்தில் தங்கிவிட்டது.

அந்த ஆண்டில்தான் அவனுக்கு முதல் கிதார் கிடைத்தது. பழைய கிதார். விலை 5 டாலர். அடுத்த ஆண்டு தந்தை ஒரு மின்சார கிதாரும் வாங்கிக் கொடுத்தார். கச்சேரிக்குப் போன இடத்தில் அதை யாரோ திருடிவிட்டார்கள்!

ஜிமிக்கு இடது கைப் பழக்கம். கடையில் கிடைப்பதோ வலது கைக்காரர்களுக்கான கிதார். அவன் என்ன செய்தான்? கிதாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான். தந்திகளை எல்லாம் கழற்றி வரிசை மாற்றிக் கட்டினான். தந்தைக்கு இடது கையால் எதைச் செய்தாலும் பிடிக்காது. அது ஆகாத பழக்கம் என்பது அவர் எண்ணம். ஆகவே தந்தை அறைக்குள் வந்தால், சட்டென்று வலது கைக்கு மாற்றி வாசிப்பான். இப்படியே இரண்டு விதமாகவும் பழகிவிட்டது.

பட்டாளத்தில்

படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடத்தை முடிக்காமலே விட்டான். திருட்டுக் காரில் சவாரி செய்ததற்காக இரண்டு முறை போலீசாரிடம் பிடிபட்டான். சிறைக்குப் போகிறாயா, பட்டாளத்தில் சேருகிறாயா என்ற நிலை வந்தது. 1961-ம் ஆண்டு மே மாதம் பட்டாளத்தில் சேர்ந்தார் ஜிமி.

விமானத்தில் இருந்து பாரசூட் கட்டிக்கொண்டு குதிக்கும் படை அது. அங்கே போயும் கிதார் நினைவுதான். அதை அனுப்பி வைக்கும்படி தந்தைக்குக் கடிதம் எழுதினார். கிதார் வந்து சேர்ந்தது.

ஒருநாள் மழை. பில்லி காக்ஸ் என்ற சிப்பாய் ஒரு கட்டிடத்தின் ஓரமாக ஒதுங்கினார். உள்ளே இருந்து கிதார் ஓசை வந்தது. இதுவரை கேட்காத ஓசையாக இருக்கிறதே என்று உள்ளே போய்ப் பார்த்தார். வாசித்துக்கொண்டிருந்தது ஜிமி! அன்றைக்கு ஏற்பட்ட நட்பு கடைசிவரை நீடித்தது. பில்லி காக்ஸும் ஜிமியோடு சேர்ந்து வாசித்தார்.

ராணுவ வேலைக்கு இவர் லாயக்கில்லை என்று 1962-ல் அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு நான்கு ஆண்டுகள் நாடோடி வாழ்க்கை. ஊர் ஊராகப் போய்ப் பெரிய பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தார். ஐஸ்லி சகோதரர்கள், லிட்டில் ரிச்சர்ட் ஆகியோரின் குழுக்களில் இருந்தார். பின்னால் நிற்கிறவர் முன்னால் நிற்கிறவரைவிட அதிகமாகக் கைதட்டல் வாங்கினால் எந்த முதலாளிக்குப் பிடிக்கும்? ஓர் இடத்திலும் அவர் நிலைக்கவில்லை. பல நாள் பட்டினி. வாடகை பாக்கி. கிதாரை அடகு வைப்பதும் மீட்பதுமாகக் காலம் போயிற்று.

ஒரு டாலர் கையெழுத்து

1965-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி நியூயார்க்கில் ஒரு சம்பவம் நடந்தது. அப்போது அது அற்ப விஷயம். பிறகு அது பூதமாக வளர்ந்தது.

எட் சால்ப்பின் என்ற ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் ஓர் ஒப்பந்தக் காகிதத்தை நீட்டினார். ஜிமி கையெழுத்துப் போட்டார். மூன்று ஆண்டுகள் அவருக்காகவே வாசிக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்குக் கூலி? முன்பணம் ஒரு டாலர். தட்டு விற்றால் நூற்றுக்கு ஒன்று பங்கு. அவ்வளவுதான்!

பசியோடு இருக்கிறவன் காகிதத்தைப் படித்துப் பார்ப்பதில்லை. அன்றைக்கு ஜிமியின் வாசிப்பைக் கேட்க ஆளே இல்லை. மூன்று ஆண்டு என்ன, முப்பது ஆண்டு என்றாலும் அவர் போட்டிருப்பார்.

அடுத்த ஆண்டு அதிர்ஷ்டம் அடித்தது. நியூயார்க்கில் ஒரு சிறிய காப்பிக் கடையில் ஜிமி வாசித்துக்கொண்டிருந்தார். லிண்டா கீத் என்ற இங்கிலாந்து நாட்டு அழகி அவருடைய வாசிப்பை ஏற்கனவே கேட்டு அசந்துபோய் இருந்தாள். தனக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். அவள் சொல்லித்தான் சாஸ் சாண்ட்லர் என்பவர் கேட்க வந்தார். அவரும் ஓர் இசைக்காரர். "அனிமல்ஸ்" என்ற பெயர்பெற்ற குழுவில் கிதார் வாசித்தவர். கேட்ட உடனேயே, இவரை லண்டனுக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்தார்.

ஜிமி பழைய ஒப்பந்தம் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று சாண்ட்லர் விசாரித்தார். சிலவற்றைப் பணம் கொடுத்துத் தீர்த்தார். ஒரு டாலர் ஒப்பந்தம் மட்டும் தப்பிவிட்டது!

லண்டனில் புயல்

1966-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி ஜிமி லண்டனில் வந்து இறங்கினார். நோயல் ரெட்டிங், மிட்ச் மிட்செல் என்ற இரண்டு வெள்ளைக்கார வாலிபர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார்கள். மிட்செல் டிரம் அடிப்பவர். ஜிமியை வளர்க்கப் பணம் வேண்டும் என்று சாண்ட்லர் தன் சொந்தக் கிதார்களையே விற்றார்.

முதல் சிறிய தட்டு அந்த டிசம்பரில் வெளிவந்தது. 1967 மே மாதம் முதல் பெரிய தட்டு. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் அது இரண்டாவது இடத்துக்குப் போயிற்று. முதல் இடத்தில் இருந்தவர்கள் பீட்டில்ஸ்!

ஜிமியின் வாசிப்பில் அப்படி என்ன புதுமை?

கல்யாணப் பந்தலில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் "கீ" என்று ஊளையிடும். எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். மைக்காரர் ஓடிவந்து சரி செய்வார். மின்சார கிதாருக்கும் அதே வியாதி உண்டு. ஒலிபெருக்கியில் இருந்து வரும் சத்தம் திரும்பவும் கிதாரின் தந்தியை அதிரவைக்கும். அது மறுபடியும் ஒலிபெருக்கிக்குப் போகும். இப்படியே சுற்றிச் சுற்றி ஊளை வளரும்.

மற்றவர்கள் இதைக் கண்டு பயந்தார்கள். ஜிமி அந்த ஊளையைப் பிடித்து வளைத்தார்! எவ்வளவு தூரத்தில் நின்றால் எந்தச் சுரம் எழும், எந்தப் பக்கம் திரும்பினால் அது அடங்கும் என்று தெரிந்து வைத்திருந்தார். ஒரு தந்தியை மீட்டிவிட்டு, அந்த ஒலியை நீண்ட நேரம் அந்தரத்தில் நிறுத்தி வைப்பார். காலால் மிதிக்கும் ஒரு கருவியை அழுத்தினால் கிதார் மனிதக் குரல்போல் அழும், கேள்வி கேட்கும். பல்லால் மீட்டுவார். முதுகுக்குப் பின்னால் வைத்து வாசிப்பார்.

1967 ஜூன் 18-ந் தேதி அமெரிக்காவில் மாண்டரி என்ற ஊரில் இசை விழா. கச்சேரியின் முடிவில் ஜிமி தன் கிதாரை மேடையில் கிடத்தி, எண்ணெய் ஊற்றித் தீ வைத்தார். ஜனங்கள் திகைத்துப் போனார்கள். வாத்தியத்தைத் தெய்வமாகக் கும்பிடுகிற நம் நாட்டு வித்வான்கள் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள்! ஆனால் சொந்த நாடு திரும்பிப் பார்த்தது அன்றுதான்.

புகழ் வந்தது. உடனே ஒரு டாலர் காகிதமும் வந்தது! ஜிமி தனக்குச் சொந்தம் என்றார் சால்ப்பின். வழக்குப் போட்டார். ஜிமி பழைய நாளில் வேறொரு பாடகருக்குப் பின்னால் நின்று வாசித்த பதிவுகள் அவரிடம் இருந்தன. அவற்றை ஜிமியின் பெயரைப் பெரிதாகப் போட்டுத் தட்டாக வெளியிட்டார்கள். ரசிகர்கள் ஏமாந்தார்கள். ஜிமிக்கு அவமானம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1967-ல், பழைய சிநேகத்துக்காக ஜிமி அதே சால்ப்பினின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் வாசித்துக் கொடுத்துவிட்டு வந்தார்! அவ்வளவு வெகுளி.

முடிவில் ராஜி ஆயிற்று. ஒரு புதிய தட்டு முழுவதையும் எதிர்த் தரப்புக்கே கொடுத்துவிடவேண்டும். 1970-ம் ஆண்டு புத்தாண்டு நாளில் நியூயார்க்கில் பில்லி காக்ஸும், டிரம் வித்வான் படி மைல்சும் சேர்ந்து வாசிக்க, ஜிமி நடத்திய கச்சேரி அப்படித்தான் கைமாறிப் போயிற்று. ஒரு டாலருக்கு வட்டி!

நாடாவில் ஒரு மாளிகை

ஜிமியின் இரண்டாவது பெரிய தட்டு 1967 டிசம்பரில் வெளிவந்தது. அதிலே ஒரு விபத்து. முதல் பக்கத்துக்கான மூல நாடாவை டாக்சியில் மறந்து வைத்துவிட்டார் ஜிமி. டாக்சி போயே போய்விட்டது! தட்டு வெளிவர நாள் நெருங்கிவிட்டது. ஒரே இரவு கண் விழித்து அந்தப் பக்கம் முழுவதையும் திரும்பச் சேர்த்தார்கள்.

திரும்பச் சேர்த்தார்கள் என்றால் என்ன? பின்னால் வரப்போகும் தகராறு விளங்கவேண்டுமானால் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

அந்தக் காலத்து ஒலிப்பதிவு நாடா ஒரு ரோடு மாதிரி. ரோட்டில் கோடு போட்டு, வண்டிக்கு ஒரு வழி, சைக்கிளுக்கு ஒரு வழி என்று பிரிப்பதுபோல், நாடாவிலும் நீளவாக்கில் பல தடங்கள் உண்டு. ஒரு தடத்தில் குரல். ஒரு தடத்தில் கிதார். இன்னொன்றில் டிரம். ஆரம்பத்தில் லண்டனில் ஜிமிக்குக் கிடைத்தவை 4 தடங்கள். நியூயார்க்கில் 12 ஆயிற்று. பிறகு 16. எல்லாவற்றையும் வேண்டிய அளவில் கலந்து, ஒன்றாக்கி, தட்டுக்கு அனுப்புவார்கள். கலந்த நாடா தொலைந்தாலும், தனித்தனித் தடங்கள் உள்ள நாடா இருந்தால் மறுபடி கலக்கலாம்.

இதிலே ஒரு வசதி உண்டு. டிரம் சரியில்லையா? அந்தத் தடத்தை மட்டும் அழித்துவிட்டு வேறு ஆளை வைத்து அடிக்கச் சொல்லலாம். குரலும் கிதாரும் அப்படியே இருக்கும். வசதிதான். ஆனால் அதுவே வம்பாகவும் ஆகும்!

ஜிமிக்கு எதிலும் எளிதில் திருப்தி வராது. ஒரு பாட்டை 40 முறை, 50 முறை வாசிப்பார். இரவு நேரத்தில் நண்பர்கள், அறிமுகம் இல்லாதவர்கள் என்று ஒரு கூட்டமே கூடத்துக்குள் புகுந்துவிடும். அத்தனைக்கும் நாடா சுற்றிக்கொண்டே இருக்கும். சாண்ட்லருக்குப் பொறுமை போயிற்று. 1968-ல் விலகிக்கொண்டார். அந்த ஆண்டு வெளிவந்த மூன்றாவது தட்டு, இரட்டைத் தட்டு, அமெரிக்காவில் முதல் இடத்தைப் பிடித்தது. ஜிமி உயிரோடு இருந்தபோது முடித்துக் கொடுத்த கடைசி ஸ்டூடியோ தட்டு அதுதான்.

1969 ஆகஸ்டில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். மூன்று நாள் விழா. சுமார் 4 லட்சம் ஜனங்கள். மழையால் எல்லாம் தாமதமாகி, ஜிமி மேடை ஏறியபோது நான்காம் நாள் காலை. கூட்டத்தில் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அமெரிக்காவின் தேசிய கீதத்தைக் கிதாரில் வாசித்தார் ஜிமி. வியட்நாம் யுத்தம் நடந்த காலம் அது. கீதத்தின் நடுவே குண்டு விழுவதுபோலவும் விமானம் பாய்வதுபோலவும் கிதார் அலறியது. பட்டாளத்தில் இருந்து வந்தவர் வாசித்த தேசிய கீதம்!

ஸ்டூடியோ வாடகை பெருந்தொகையாக ஏறிக்கொண்டு போயிற்று. சொந்தமாகவே ஒரு கூடம் கட்டிவிட்டால் என்ன என்று யோசனை பிறந்தது. நியூயார்க்கில் எட்டாவது தெருவில் ஓர் இரவு விடுதியை ஜிமியும் மானேஜர் மைக் ஜெஃப்ரியும் வாங்கி இருந்தார்கள். அதை இடித்துக் கட்டத் தொடங்கினார்கள். தோண்டினால் தண்ணீர்! தரைக்குக் கீழே ஒரு பழைய ஓடை ஓடிக்கொண்டிருந்தது. பம்பு வைத்து இறைத்தார்கள். பணம் தீர்ந்து வேலை நின்றது. கடன் வாங்கினார்கள். சுமார் 10 லட்சம் டாலர் செலவு.

வளைந்த சுவர்கள், வட்ட ஜன்னல்கள், மனநிலைக்குத் தகுந்தபடி மாறும் வண்ண விளக்குகள்! துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்த பையனுக்குச் சொந்த மாளிகை. அங்கே அவர் வேலை செய்தது 1970-ம் ஆண்டு கோடையில் சுமார் பத்து வாரங்கள்தான். புதிய இரட்டைத் தட்டு ஒன்றுக்குப் பாட்டுகளைச் சேர்த்தார். எந்தப் பாட்டு எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று தன் கையாலேயே பட்டியல் எழுதினார்.

நடுவே ஜூலை 26-ந் தேதி சொந்த ஊரில் கச்சேரி. எல்விசைப் பார்த்த அதே மைதானம்! கொட்டும் மழையில் வாசித்தார். தந்தையையும் உறவினரையும் பார்த்தார். அதன் பிறகு அவர் உயிரோடு அந்த ஊருக்குத் திரும்பவில்லை.

ஆகஸ்டு 22-ந் தேதி, தன்னந்தனியாக, குரலும் கிதாரும் மட்டும் வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை வெளியே எட்டிப் பார்ப்பதுபோன்ற பாட்டு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நாம் வேண்டுமா, வேண்டாமா என்று அந்தக் குழந்தை யோசிக்கிறது. ஜிமியின் பிள்ளைப் பிராயத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பாட்டு நெஞ்சைத் தொடும்.

26-ந் தேதி கூடத்துக்குத் திறப்பு விழா. உடனே ஐரோப்பாவுக்குக் கச்சேரிப் பயணம். செப்டம்பர் 6-ந் தேதி ஜெர்மனியில் கடைசிக் கச்சேரி. 18-ந் தேதி மரணம். தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறிச் சாப்பிட்டதால் வந்த வினை. மதுவும் போதையும் அவருடைய புகழோடு கூடவே வளர்ந்திருந்தன.

அக்டோபர் 1-ந் தேதி சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரென்டன் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள்.

அழித்து எழுதிய பாட்டுகள்

ஜிமி உயில் எழுதவில்லை. 27 வயதில் யார் எழுதுவார்கள்? சட்டப்படி எல்லாம் தந்தைக்கு வந்தது. ஆனால் நாடாக்கள் நியூயார்க்கில். தந்தை சியாட்டிலில். இடையே சுமார் நாலாயிரம் கிலோமீட்டர். இசை வியாபாரம் அவருக்குத் தெரியாது. ஒரு வக்கீலை நம்பி எல்லாவற்றையும் ஒப்படைத்தார். நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். மகனைப் போலவே!

முதலில் வந்த தட்டு நல்ல முறையில் வந்தது. ஜிமியோடு வேலை செய்த ஒலிப்பதிவு நிபுணர் எட்டி கிராமரும், டிரம் வித்வான் மிட்செலும் உட்கார்ந்து பாட்டுகளைச் சேர்த்தார்கள். 1971 மார்ச்சில் வெளிவந்து அமெரிக்காவில் மூன்றாவது இடத்துக்குப் போயிற்று. வயிற்றுக் குழந்தைப் பாட்டுதான் அதில் கடைசி.

மேலும் சில தட்டுகள் வந்தன. 1973-ல் மானேஜர் ஜெஃப்ரி விமான விபத்தில் இறந்தார். பிறகு ஆலன் டக்ளஸ் என்ற தயாரிப்பாளரின் கைக்கு நாடாக்கள் வந்தன.

டக்ளஸ் என்ன செய்தார்? பல பாட்டுகளில் ஜிமியின் குரலையும் கிதாரையும் மட்டும் வைத்துக்கொண்டார். அவரோடு அன்றைக்கு வாசித்தவர்களின் தடங்களை நீக்கினார். ஜிமியோடு ஒருநாளும் வாசித்தறியாத புது ஆட்களை அழைத்து, அந்த இடத்தில் வாசிக்க வைத்தார்! சில பாட்டுகளுக்குத் தன்னையும் ஓர் ஆசிரியராகப் பெயர் போட்டுக்கொண்டார்.

1975-ல் அந்தத் தட்டு வெளிவந்தது. விற்பனைப் பட்டியலில் ஐந்தாவது இடம். கடையில் வாங்கியவர்கள் நிறைய. கொதித்தவர்களும் நிறைய. பழைய சிநேகிதன் பில்லி காக்ஸ், டிரம் அடித்த மிட்செல் ஆகியோரின் உழைப்பைத் துடைத்துவிட்டு, செத்தவனோடு அந்நியர்களைக் கச்சேரி செய்யவைப்பது நியாயமா என்று கேட்டார்கள். பாதியில் நின்ற பாட்டை அப்படியே விட்டால் யார் வாங்குவார்கள் என்பது மறு தரப்பு வாதம். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால், 50 முறை வாசித்தும் திருப்தி அடையாத ஒரு மனிதரின் பாட்டை, அவரைக் கேட்காமலே முடித்து வைத்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

தந்தை போட்ட வழக்கு

ஆண்டுகள் ஓடின. மகனின் பாட்டுகளுக்கான உரிமைகளை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்கப்போகிறார்கள் என்ற செய்தி தந்தையின் காதில் விழுந்தது. அவர் திடுக்கிட்டார். உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்ததாக அவர் நினைக்கவே இல்லை.

1993-ல் கோர்ட்டுக்குப் போனார் அல் ஹென்ட்ரிக்ஸ். வயது 70-ஐத் தாண்டிவிட்டது. எதிர்த் தரப்பில் வக்கீலும் தயாரிப்பாளரும். வழக்கு நடத்தப் பணம்?

அதற்கும் ஒருவர் வந்தார். சியாட்டில்காரர். சிறுவயதில் இருந்தே ஜிமியின் ரசிகர். பெயர் பால் ஆலன். மைக்ரோசாஃப்ட் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். கோடீசுவரர்! வழக்குச் செலவுக்கு அவர் கடன் கொடுத்தார்.

1995-ல் ராஜி ஆயிற்று. பாட்டுகள், நாடாக்கள், பெயர், படம் ஆகிய எல்லா உரிமைகளும் தந்தைக்குத் திரும்பின.

உடனே குடும்பத்தின் பெயரில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அல் தத்தெடுத்த மகள் ஜேனி அதை நடத்தினாள். பழைய ஒலிப்பதிவு நிபுணர் கிராமரைத் திரும்ப அழைத்தார்கள். ஜிமி கைப்பட எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு, அவர் முடிக்காமல் போன அந்தக் கடைசித் தட்டு எப்படி வந்திருக்குமோ அதற்கு நெருக்கமாக 1997-ல் ஒன்றை வெளியிட்டார்கள். அந்நியர் வாசிப்பை அதில் சேர்க்கவில்லை.

2002-ம் ஆண்டு ஏப்ரலில் அல் ஹென்ட்ரிக்ஸ் இறந்தார். உயிலைத் திறந்து பார்த்தார்கள். சொத்தில் பெரும் பகுதி ஜேனிக்கு. தம்பி லியோனுக்கோ ஒரே ஒரு தங்கத் தட்டு. ஜிமி பரிசாகப் பெற்ற தட்டுகளில் ஒன்று! லியோன் வழக்குப் போட்டார். சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் ஒன்றாய்ப் பசித்திருந்தவர்கள் என்று அவருக்காக இரங்கியவர்கள் உண்டு. ஆனால் 2004-ல் கோர்ட்டு உயிலே செல்லும் என்று சொல்லிவிட்டது.

நாடாக்கள் தீரவில்லை. 2010-ல் ஒரு தட்டு, நான்காவது இடம். 2013-ல் ஒன்று; இரண்டாவது இடம். 2018-ல் மற்றொன்று. ஜிமி இறந்தபோது பிறக்காதவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

லண்டனில் ஜிமி குடியிருந்த மாடி வீடு 2016 முதல் காட்சி சாலை ஆகிவிட்டது. அடுத்த வீட்டில் 18-ம் நூற்றாண்டில் குடியிருந்தவர் ஹாண்டல் என்ற இசை மேதை. பார்க்க வருகிறவர்கள் ஒரே மூச்சில் இரண்டையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. 1970-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஜிமி தன் நியூயார்க் வீட்டில் தனியாக உட்கார்ந்து, சிறிய கேசட்டுகளில் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். அவற்றின்மேல் "கறுப்புத் தங்கம்" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை எழுதினார். கேட்டுப் பார்த்து டிரம் அமைக்கும்படி மிட்செலிடம் கொடுத்தார். சில நாளில் ஜிமி இறந்துவிட்டார். கேசட்டுகள் மிட்செலின் வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன. ரசிகர்களோ, அவை தொலைந்தே போயின என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கேசட்டுகளில் இருந்து 2010-ம் ஆண்டில் ஒரே ஒரு பாட்டை வெளியிட்டார்கள். நவம்பர் மாதத்துக் காலை ஒன்றைப் பற்றிய பாட்டு. ஜிமி பிறந்ததும் ஒரு நவம்பரில்தான்.